இறைப்பு இயந்திரங்களை இரும்புக்குப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் கொட்டிலுக்குப் பின்னாலும் கிணற்றடியிலும் கிடக்கிற பழைய லிஸ்டர், ரஸ்டன் இறைப்பு இயந்திரங்கள் கிலோக் கணக்கில் பழைய இரும்புக்குப் போகின்றன. வாங்க வருபவரில் பிழையில்லை. ஓடாத இயந்திரம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, விற்றால் நாலு காசு வருகிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை செத்த இயந்திரங்கள் அல்ல. இறுகிப்போனவை, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டபின் விற்பதா வைப்பதா என்று முடிவெடுக்கட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகும் நம்மவர்கள் ஒரு நாளை இதற்காக ஒதுக்கலாம். கிங்ஸ் குரோஸிலிருந்து ஈலி என்ற ஊருக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து நாலு மைல் போனால் பிரிக்வில்லோ. ஊர் சிறியது. லார்க் ஆற்றின் கரையில் பழைய இறைப்பு நிலையமொன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. நடத்துவது தொண்டர்கள். நாம் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவர இறைத்தோம், அவர்கள் வயலிலிருந்து தண்ணீரை வெளியேற்ற இறைத்தார்கள். வேறுபாடு அது மட்டுமே. இயந்திரம் ஒன்றுதான்.

அந்த நிலத்தின் கதை தெரியாமல் போனால் இயந்திரங்கள் வெறும் இரும்பாகவே தெரியும். ஈலியைச் சுற்றியுள்ள பகுதி முன்பு சதுப்பு. ஈலி என்ற பெயரே விலாங்கு மீனால் வந்தது என்பார்கள். 17 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்துப் பொறியியலாளர் கொர்னேலியஸ் வெர்மைடன் நேரான கால்வாய்களை வெட்டி அதை வடித்தார். அங்குள்ளது மட்கிய தாவரங்களாலான கறுப்பு மண். தண்ணீர் வற்றியதும் அது சுருங்கும், காற்றுப் பட்டு மேலும் கரையும். வடிக்க வடிக்க நிலம் தாழ்ந்தது, ஆறு நிலத்தைவிட உயரத்தில் நின்றது. ஹோம் என்ற இடத்தில் 1851 இல் தரைமட்டத்துக்கு இறக்கிய இரும்புத் தூணின் தலை இப்போது தரைக்கு மேலே ஏறக்குறைய 4 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. தாழ்ந்த நிலத்துத் தண்ணீர் தானாக ஆற்றுக்கு ஏறுமா? முதலில் காற்றாலைகள், பிறகு நீராவி, பிறகு டீசல், இப்போது மின்சாரம்.

ஈலிக்குத் தெற்கே ஸ்ட்ரெதமில் 1831 இல் நிறுவிய நீராவி இயந்திரமும் அது சுழற்றிய சக்கரமும் இன்னும் இருக்கின்றன. நீராலையில் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும். இங்கே சக்கரம் தண்ணீரைத் தள்ளி மேலே ஏற்றும். முதலில் போட்ட சக்கரம் 29 அடி விட்டம். நிலம் இறங்கிக்கொண்டே போனதால் அது 37 அடிக்குப் பெருத்தது. 1925 இல் பக்கத்தில் டீசல் இயந்திரம் வந்ததும் சக்கரத்தின் வேலை குறைந்தது. ஒல்லாந்து வழியாகப் போகிறவர்கள் குருக்குயஸ் நிலையத்தையும் பார்க்கலாம். ஹார்லெம் ஏரியை 1849 முதல் 1852 வரை இறைத்து வற்றச் செய்த மூன்று நிலையங்களில் அது ஒன்று. ஸ்கிபோல் விமான நிலையம் அந்த ஏரியின் அடியில்தான் இருக்கிறது. நம்மூரில் கோட்டையோடு நின்றவர்கள் தங்கள் ஊரில் ஏரியையே இறைத்திருக்கிறார்கள்.

பிரிக்வில்லோவில் முதலில் பார்க்க வேண்டியது 1924 இன் மிர்லீஸ் டீசல், 250 குதிரைவலு. அது எரிபொருளைக் காற்றால் ஊதித் தெளிக்கும் பழைய முறையைச் சேர்ந்தது. பிந்திய இயந்திரங்களில் பம்பின் அழுத்தமே டீசலைத் தூளாக்கும். இதில் தனி அமுக்கி ஒன்று சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 1000 இறாத்தல் அழுத்தத்தில் காற்றை உருளைகளில் நிரப்பி வைக்க, அந்தக் காற்றுத்தான் டீசலைப் பிஸ்டனுக்கு மேலே வீசும். தொடக்குமுன் தொண்டர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். உருளைகளின் அடியில் தேங்கிய நீரை வடிப்பார்கள். எண்ணெய் போடும் ஒவ்வொரு துளையையும் கையால் பார்ப்பார்கள். குளிர்நீரைத் திறப்பார்கள். பிளைவீல் எனும் பாரச் சக்கரத்தைக் கம்பி போட்டு மெதுவாகத் திருப்பி, பிஸ்டன் உச்சியைத் தாண்டிய இடத்தில் நிறுத்துவார்கள். அந்த இடம் பிசகினால் இயந்திரத்தைத் தொடக்கத் திறந்துவிடும் காற்று வீணாகும், உருளையை மறுபடி நிரப்பும்வரை காத்திருக்க வேண்டும்.

ஊதும் காற்றின் அழுத்தம் குறைந்தால் டீசல் தூளாகாது, கரும்புகை வரும், தீ பின்னோக்கி வால்வுக்குள் ஏறவும் கூடும். சுமை இல்லாதபோது அழுத்தம் கூடினால் குளிர்ந்த காற்று தீயையே அணைத்துவிடும். அமுக்கிக்கு எண்ணெய் அதிகம் போடுவது இன்னும் மோசம்: அந்த எண்ணெய் காற்றுக் குழாயில் படிந்து வெடித்திருக்கிறது. எண்ணெய் கூடினால் நல்லதுதானே என்று நினைக்கும் நம்மூர்ப் பழக்கம் அங்கே உயிருக்கே ஆபத்து.

அடுத்தது விக்கர்ஸ் பெட்டர் இயந்திரம். அதன் தலையில் ஓர் இரும்புக் குமிழ் உண்டு. ஊதுவிளக்கால் 10 முதல் 15 நிமிடம் காய்ச்சி, மங்கிய சிவப்பு வந்தபின்தான் தொடக்குவார்கள். குமிழ் ஆறினால் தீப்பிடிக்காது, மிஞ்சிக் காய்ந்தால் நேரத்துக்கு முன்னே பற்றிச் சக்கரம் எதிர்ப்பக்கம் உதைக்கும்.

எல்லா நாளும் இயந்திரங்கள் ஓடுவதில்லை. இயக்கும் நாள் எது என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். ஓடாத நாளில் போனால் பாதிதான் கிடைக்கும். முந்தானை, சால்வை, தொங்கும் கழுத்துப்பட்டி எதுவும் சுழலும் பட்டிக்கு (பெல்ட்) கிட்டப் போகக்கூடாது. மூடிய சப்பாத்துப் போடுங்கள், தரையில் எண்ணெய் இருக்கும்.

இனி நம்மூர் இயந்திரம். லிஸ்டரின் நின்றோடும் ஒற்றைச் சிலிண்டர் 5 குதிரைவலு இயந்திரம் நிமிடத்துக்கு 600 சுற்று, பின்னால் வந்த 6 குதிரைவலு 650. இந்தியாவின் ராஜ்கோட்டில் வார்த்த நகல்களும் இங்கே நிறைய. இறுகிக் கிடப்பதற்கு முக்கிய காரணம் பிஸ்டன் வளையங்கள் துருவால் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்வதே. பிளைவீல் ஆரத்துக்குள் அலவாங்கைச் செருகி உன்னாதீர்கள். அது வார்ப்பிரும்பு, ஆரம் வெடித்தால் சக்கரம் போனது போனதுதான். சிலிண்டர் தலையைக் கழற்றி, டீசலும் கியர் எண்ணெயும் சரிபாதி கலந்து பிஸ்டனுக்கு மேல் ஊற்றி ஒரு கிழமை விடுங்கள், குறைந்தால் மேலும் ஊற்றுங்கள். பிறகு சிலிண்டர் அளவுக்கு வெட்டிய பாலைமரக் கட்டையைப் பிஸ்டன் மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே, இரு சக்கரங்களையும் விளிம்பில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு நூலளவு அசைந்தால் போதும், மீதி தானாக வரும். வராவிட்டால் இன்னொரு கிழமை.

இறுக்கம் விட்டபின் அவசரப்பட்டுத் தொடக்க வேண்டாம். பெரும்பாலானவற்றில் எண்ணெய் வடிகட்டி கிடையாது. அடியில் விரற்கடைக்குச் சேறு படிந்திருக்கும். இயந்திரத்தின் பக்கக் கதவைத் திறந்து மண்ணெண்ணெயால் கழுவி எடுங்கள். நகல் இயந்திரமென்றால் வார்ப்பு மணலே உள்ளே இருக்கும். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 17 பங்கு. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை வெளியே பூட்டிப் பார்க்கும்போது கீச்சென்ற ஒலியோடு பனிபோல் தெளிக்க வேண்டும், சொட்டினால் நொசில் கெட்டது. அந்தத் தெளிப்புக்கு முன்னால் விரலை நீட்டாதீர்கள், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். தலையின் பக்கத்தில் சிறு கைச்சக்கரம் இருந்தால் தொடக்கும்போது முழுக்க இறுக்கி, முழுச் சுமையில் திறந்து ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் இயந்திரம் காற்றை இழுக்கும் வாயருகே ஒரு பலகையோடு ஒருவர் நிற்கட்டும். டீசல் பம்பின் தண்டு சிக்கினால் இயந்திரம் கட்டுமீறி ஓடும், அப்போது நிறுத்துவது அந்தப் பலகைதான். கையை வைக்கக்கூடாது.

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் நீரை வடிக்க மறந்தால் உறைந்து, சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் நீருறை வெடிக்கும். நமக்கு வேறு வினை. உவர்க் கிணற்று நீரை ஊற்றி ஓட்டியதில் நீருறை உள்ளே அரித்துக் காறை கட்டியிருக்கும். லீற்றருக்கு 50 கிராம் வீதம் சிற்றிக் அமிலம் கரைத்து ஒரு நாள் நிறுத்தி, பிறகு சலவைச் சோடா நீரால் கழுவலாம். தண்ணீர் வற்றிக் கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றியதால் வெடித்த தலைகள் நம்மூரில்தான் அதிகம்.

பெயின்ற் அடிக்கும் ஆசையை அடக்குங்கள். பித்தளைத் தகட்டின் இலக்கத்தை முதலில் படமெடுங்கள், களவு போவது அதுதான். எந்த வயல், எந்தக் கிணறு, எத்தனை அங்குலப் பம்பு, யார் ஓட்டினார் என்று ஒரு தகரத்தில் எழுதிக் கட்டுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது எழுபதைக் கடந்தவர்கள்.

பிரிக்வில்லோ போல மண்டபம் கட்டத் தேவையில்லை. ஏதாவதொரு கமக்காரர் அமைப்பின் களஞ்சியத்தில் 10 அடிக்கு 12 அடி சீமெந்துத் தளம், நாலு போல்ட், புகைக்குழாய் சுவருக்கு வெளியே, குளிர்நீருக்கு 200 லீற்றர்ப் பரல் ஒன்று, பட்டியைச் சுற்றிக் கம்பிவலை. மாதம் ஒருமுறை அரைமணி நேரமாவது பம்பைப் பூட்டிச் சுமையோடு ஓட்ட வேண்டும். வெறுமனே ஓட்டினால் புகைப்பாதையில் கரியும் டீசலும் படிந்து மூன்றாம் மாதமே வால்வு ஒட்டும்.

இப்படிக்கு,
பழைய இயந்திரம் திருத்துவோர் சிலர்,
திருகோணமலை.