ஞாயிறு உரையாடல்: கரென்னி மக்கள்

நண்பர்களே, இந்த ஞாயிறு மாலை 7 மணிக்கு மியன்மாரின் கயா மாநிலத்துக் கரென்னி மக்களைப் பற்றிப் பேசுகிறோம். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

2021இல் மியன்மார் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகுதான் இவர்கள் மீதான போர் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. 1996இலேயே கரென்னி கிளர்ச்சியாளர்களுக்குச் சோறும் ஆளும் போகக்கூடாது என்று ராணுவம் கெடு வைத்து ஊர் ஊராகக் காலி செய்யவைத்து, ஷாடோ போன்ற இடங்களில் கொண்டுபோய் அடைத்தது. தப்பியவர்கள் காட்டில் ஒளிந்தார்கள், இல்லாவிட்டால் எல்லை தாண்டித் தாய்லாந்தின் மே ஹாங் சோன் முகாம்களுக்குப் போனார்கள். முகாமிலேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் உண்டு.

அப்புறம் 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ப்ரூசோ பகுதியில் மோசோ ஊர் அருகே ராணுவத்தினர் 30 பேருக்கு மேல் கொன்று எரித்தார்கள். 2023 நவம்பரில் கயா மாநிலத் தலைநகர் லோய்கோவிலேயே சண்டை மூண்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள்.

ஒரு வேண்டுகோள். கழுத்தில் பித்தளை வளையம் அணிந்த கயான் (கரென்னி மக்களில் ஒரு பிரிவு) பெண்களின் படங்களை இங்கே போடுகிறீர்கள் (அழகுதான், சரி), தாய்லாந்தில் சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்துப் பார்க்கும் அவர்களில் பலர் இதே போருக்குத் தப்பி வந்த குடும்பத்தினர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இணைப்பை ஞாயிறு காலை அனுப்புகிறேன்.