துவக்குக் கட்டைக்கு வாங்கிய மர எண்ணெய் பற்றிய முறைப்பாடு

வாடிக்கையாளர் சேவை முகாமையாளருக்கு,

வணக்கம். வவுனியா வடக்கில் வயல் செய்கிறவன் நான். பன்றியிலிருந்து நெல்லைக் காக்க, அனுமதிப்பத்திரத்தோடு ஒரு 12 போர் துவக்கு வைத்திருக்கிறேன். தோளில் வைத்துப் பிடிக்கும் அதன் கட்டை வால்நட் மரம், நல்ல மரம். கட்டையின் பழைய பூச்சுத் தேய்ந்துபோனதால், காலபோகத்துக்கு முன்னர் புதிதாகப் பூச நினைத்து உங்கள் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

நான் கேட்டது ஒன்றுதான்: ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவு முழுக்கக் காவல் கொட்டிலில் கிடக்கும் மரத்துக்கு உங்கள் பூச்சுகளில் எது தண்ணீரைத் தடுக்கும்? பேசியவர் உடனேயே லின்சீட் எண்ணெயை, அதாவது ஆளிவிதை எண்ணெயைச் சொன்னார். பேணியிலும் "மழைக்கும் வெயிலுக்கும் முழுப் பாதுகாப்பு", "24 மணித்தியாலத்தில் காயும்" என்று அச்சடித்திருக்கிறது. நம்பி வாங்கினேன்.

பேணியில் சொன்னபடியே மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்தெடுத்தேன். ஒரு வாரம் போயும் கையில் ஒட்டியது. தூசியும் உமியும் கட்டையில் அப்பிக்கொண்டன. சரி, ஒருவழியாகக் காய்ந்தது. ஆனால் மழை தொடங்கியதும், தோளில் படும் அடிப்பக்கத் தகட்டுக்குக் கீழே மரம் ஊதி, கறுத்துப் பூஞ்சணம் பிடித்தது. தகட்டின் திருகாணிகளும் துருப்பிடித்துவிட்டன.

அந்த எண்ணெயைக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மரத்தின் வரியை அழகாகக் காட்டும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்பப் பூசலாம். வீட்டுக்குள் இருக்கும் துவக்குக்கு அது போதும். ஆனால் அது காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துத்தான் இறுகும். ஈரமும் குளிரும் கூடினால் சுணங்கும். இறுகிய பிறகும் மென்மையாகவே இருக்கும், ஈரத்தைப் பெரிதாகத் தடுக்காது.

மழையில் நிற்க வேண்டிய கட்டைக்கு மேலே படலமாக நிற்கும் பூச்சுத்தான் வேண்டும். பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு தண்ணீரை நன்றாகத் தடுக்கும், ஆனால் அடிபட்டு உடைந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்துவது கஷ்டம். படகு மரத்துக்கு அடிக்கும் வார்னிஷ், மரம் ஊதிச் சுருங்கும்போது கூடவே வளைந்து கொடுக்கும். அரக்குப் பொலிஷ் தண்ணீர் பட்டால் வெளுத்துவிடும். எதைப் பூசினாலும், மரத்தின் வெட்டுமுகம்தான் அதிகம் தண்ணீர் குடிக்கும். ஆகவே தகட்டைக் கழற்றி அங்கே இன்னும் இரண்டு பூச்சுக் கூடப் போட வேண்டும். இவ்வளவும் எங்கள் ஊர் ஓடாவியார் எனக்குச் சொன்னவை. விற்கிற நீங்கள் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? மூன்று வகைப் பூச்சையும் நீங்களே விற்கிறீர்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கோபம் இன்னொன்றில். இந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால், காயும்போது தானாகச் சூடேறி நெருப்புப் பிடிக்கலாம். ஒன்றில் விரித்துக் காயவிட வேண்டும், இல்லையேல் தண்ணீர் நிரப்பிய தகரத்தில் போட்டு மூட வேண்டும். உங்கள் பேணியில் இந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும், பொடி எழுத்தில், அடியில் இருக்கிறது. விளம்பர வசனமோ தமிழில் பெரிய எழுத்தில். கிடுகுக் கூரையும் வைக்கோலும் உள்ள வளவுகளில் இதைப் பாவிக்கிறார்கள். பிள்ளைகள் நடமாடும் இடங்கள் அவை.

பேணியின் விலையையும், கட்டையைச் சுரண்டித் திரும்பப் பூசும் கூலியையும் நீங்கள் தர வேண்டும். "முழுப் பாதுகாப்பு" என்ற வசனத்தை எடுத்துவிட்டு, மழைக்காலத்தில் காய எவ்வளவு சுணங்கும் என்பதை எழுதுங்கள். துணி பற்றிய எச்சரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் பேணியின் முன்பக்கத்தில் போடுங்கள். காசு பிந்தினாலும் பரவாயில்லை, அந்த எச்சரிக்கை அடுத்த தொகுதியிலேயே வர வேண்டும்.

இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு செய்வேன். பற்றுச்சீட்டின் பிரதியும், பேணியினதும் கட்டையினதும் படங்களும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
வவுனியா வடக்கு வாடிக்கையாளர்