மறுப்பிலேயே வதந்தியைப் பரப்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தடுப்பூசி வதந்திகளை மறுக்கும் அறிவிப்புகள் பலவும் 'தடுப்பூசியால் ஆட்டிசம் வருமா?' என வதந்தியையே தலைப்பாக்குகின்றன. மேலோட்டமாகப் படிப்பவர் மனத்தில் அந்த வரிதான் தங்கும். தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்ற உண்மைதான் முதலில் வர வேண்டும். வதந்தியை ஒரே ஒரு முறை குறிப்பிட்டு, அதன் வேரைக் காட்டலாம்: 12 குழந்தைகளை மட்டும் வைத்து 1998-இல் வெளியான கட்டுரை அது; அதை வெளியிட்ட 'லான்செட்' மருத்துவ இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது.

இதைவிட முக்கியம், ஊசி போடும் இடத்தில் சுகாதாரப் பணியாளர் பெற்றோரிடம் பேசும் இரண்டு நிமிடம். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் ஆகியவற்றைத் தடுக்கும் முத்தடுப்பு ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வந்து போய்விடும். தட்டம்மை ஊசிக்கோ 7 முதல் 12 நாள் கழித்துக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரக்கூடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பதறும் பெற்றோருக்கு வாட்ஸ்அப்தான் விளக்கம் சொல்லும். 'பக்கவிளைவே கிடையாது' என்பது பெருந்தவறு. முதல் காய்ச்சலிலேயே நம்பிக்கை போய்விடும். காய்ச்சல் மருந்தின் அளவையும், வலிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே அழைக்க வேண்டிய எண்ணையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.