‘மறுபடி பார்ப்பேனா?’ என்றுதான் கேட்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ‘செல்லப் பிராணிகளுக்கு ஆன்மா உண்டா?’ என்ற வாசகர் கேள்விக்கு உங்கள் கட்டுரையாளர் எழுதிய பதிலைப் படித்தேன். கிழக்கத்திய மதங்கள் ‘உண்டு’ என்கின்றன, மற்றவை ‘இல்லை’ என்கின்றன, எப்படியும் ஐந்தறிவு ஜீவன்தானே என்று அரைப் பக்கத்தில் கணக்கை முடித்துவிட்டார். கேட்டவர், தன் நாய் இறந்து மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருந்தார். அந்த வரியைக் கட்டுரையாளர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

நான் 34 ஆண்டுகள் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்வியை எல்லா மதத்தவரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மதமே இல்லாதவர்களும் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் மேஜைமேல் விலங்கு கிடக்கும்போதுதான் கேட்பார்கள்.

கடைசி ஊசி எப்படிப் போடுவது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முன்னங்காலில் ஒரு விரல் அகலத்துக்கு முடியை மழித்து, ரத்த நாளத்தைப் பிடித்து, மயக்க மருந்தை அளவுக்கு மீறி ஏற்றுவோம். சில விநாடிகளில் தலை பாரமாகி உரிமையாளரின் கையில் சாய்ந்துவிடும். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நீண்ட நேரம் கேட்டுவிட்டுத்தான் ‘போயிடுச்சு’ என்பேன். கண் மூடாது. நாம் மூடிவிட்டாலும் மெல்லத் திறந்துகொள்ளும். சில சமயம் இதயம் நின்று ஒரு நிமிடம் கழித்து வாய் பிளந்து பெரிதாக ஒரு மூச்சு இழுக்கும். அது வெறும் அனிச்சைச் செயல். முன்கூட்டியே எச்சரித்து வைப்பேன். இருந்தாலும் “டாக்டர், உயிர் வந்துடுச்சு!” என்று அலறுவார்கள். ஒரு பெண்மணி அந்த மூச்சுக்கு அப்புறம் ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. திறந்துவிட்டேன்.

இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: அவர்கள் கேட்பது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. ‘இதுக்கு ஆன்மா உண்டா?’ என்பது ஒன்று. ‘நான் இதை மறுபடி பார்ப்பேனா?’ என்பது இன்னொன்று. வாயால் முதலாவதைக் கேட்பார்கள். மனசில் இருப்பது இரண்டாவது. மதங்களின் பதில்களை இந்த இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பார்த்தால் கட்டுரையாளரின் கணக்கு தலைகீழாகிறது.

முதலில் அந்த ‘ஐந்தறிவு’. தொல்காப்பியர் மரபியலில் புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு என்று தொடங்கி, விலங்குக்கு ஐந்து, மக்களுக்கு மனத்தோடு ஆறு என்று ஏறிக்கொண்டே போகிறார். அது அறிவின் படிக்கட்டு. யாருக்கு உயிர் இல்லை என்பதற்கான பட்டியல் இல்லை. அவர் கணக்கில் புல்லும் உயிர்தான். ஆன்மா என்ற வடசொல்லுக்கு நாம் காலங்காலமாக வைத்திருக்கும் தமிழ்ச் சொல்லும் ‘உயிர்’தான். சைவ சித்தாந்தம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. பதி, பசு, பாசம் என்று மூன்று சொல்லி, உயிர்கள் அத்தனைக்கும் ‘பசு’ என்று பெயர் வைத்திருக்கிறது. கட்டுத்தறியில் கட்டிய மாடு மாதிரி பாசத்தால் கட்டுண்டது என்று அர்த்தம். மாட்டுக்கு ஆன்மா உண்டா என்று சித்தாந்தியிடம் கேட்டால், ஐயா, ஆன்மாவுக்கே மாடு என்றுதான் பேர் என்பார். ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்று மணிவாசகர் அடுக்கிச் சொல்வதும் தான் கடந்து வந்த பிறவிகளைத்தான்.

ஆக, முதல் கேள்விக்கு இங்கே தாராளமாக ‘உண்டு’. இரண்டாவதுக்கு? அந்த உயிர் தன் வினையை எடுத்துக்கொண்டு அடுத்த உடம்புக்குப் போய்விட்டது. அது இப்போது உங்கள் ஜிம்மி இல்லை. உங்களை அதற்கு அடையாளம் தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. முக்தியே அடைந்துவிட்டால் இன்னும் தூரம். ரமணாசிரமத்துப் பசு லட்சுமி 1948 ஜூன் 18 அன்று இறந்தபோது, அது விமுக்தி பெற்றது என்று ரமணரே பாட்டெழுதினார், சமாதியும் கட்டினார்கள். அந்தச் சொல் சம்பிரதாயத்துக்கா, நிஜமாகவா என்று ஓர் அன்பர் கேட்டதற்கு, நிஜமாகத்தான் என்று பதில் வந்தது. பசுவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் முக்தி என்றால் திரும்பி வராத இடம். அழுகிற குழந்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பௌத்தத்தில் இன்னும் சிக்கல். அங்கே நிலையான ஆன்மா மனிதனுக்கே இல்லை, அப்புறம் நாய்க்கு எங்கிருந்து வரும்? ஆனால் மறுபிறப்பு உண்டு. சீனாவில் ஜாவோஜோ என்ற ஜென் குருவிடம் ஒரு துறவி, நாய்க்குப் புத்த இயல்பு, அதாவது புத்தராகும் தன்மை, உண்டா என்று கேட்டார். ‘இல்லை’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்தார் குரு. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு துறவிகள் பல நூறு வருஷங்களாகத் தியானம் செய்கிறார்கள். இதே கேள்விக்கு அவர் ‘உண்டு’ என்று சொன்னதாகவும் பதிவு இருக்கிறது. எனக்கு அந்தக் குருவை ரொம்பப் பிடிக்கும். இன்னொரு பக்கம், சித்தார்த்தரைப் பிரிந்த துக்கத்தில் செத்துப்போன குதிரை கந்தகன் தேவலோகத்தில் பிறந்தது என்றும் பௌத்த நூல் சொல்கிறது.

இனி, ‘இல்லை’ என்று சொல்வதாகக் கட்டுரையாளர் எழுதிய பக்கத்துக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் விலங்குக்கு ஆன்மாவே இல்லை என்று சொல்லவில்லை. உண்டு, ஆனால் அது உடம்போடு முடிந்துவிடும் என்றார். பகுத்தறியும் ஆன்மா மட்டுமே உடம்பைத் தாண்டி நிற்கும் என்பது அவர் வாதம். வேதாகமத்தின் எபிரேய மூலத்துக்குப் போனால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. ஆதியாகமத்தில் கடலில் நீந்துகிற உயிர்களுக்கும், மண்ணால் செய்து மூச்சு ஊதப்பட்ட மனிதனுக்கும் ஒரே சொல்தான்: ‘நெபெஷ் ஹயா’. பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலோ மீன்கள் ‘ஜீவஜந்துக்கள்’, மனிதன் மட்டும் ‘ஜீவாத்துமா’. மூலத்தில் இல்லாத வேலியை மொழிபெயர்ப்பு போட்டுவிட்டது. பிரசங்கி 3ஆம் அதிகாரத்தைத் திறந்தால், மனிதருக்கும் மிருகத்துக்கும் ஒரே சுவாசம், மனித ஆவி மேலே போகிறது, மிருக ஆவி கீழே போகிறது என்று அறிந்தவன் யார் என்று அந்த ஞானி கையை விரிக்கிறான்.

அப்புறம் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1781இல் ஒரு பிரசங்கத்தில், ரோமர் 8ஆம் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, படைப்பு முழுவதும் விடுதலை பெறும் என்றால் விலங்குகளும் அதில் சேர்த்திதான் என்றார். அவை இன்னும் அதிக அறிவோடு எழும்பக்கூடும் என்றுகூட ஆசைப்பட்டார். எனக்கு அது வேண்டாம். என் நாய் அதே அறிவோடு வந்தால் போதும்.

இங்கே உங்கள் கட்டுரையில் ஒரு பிழை. நாயை இழந்த சிறுவனிடம் போப் பிரான்சிஸ், சொர்க்கம் எல்லாப் படைப்புக்கும் திறந்திருக்கிறது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2014 டிசம்பரில் உலகமெங்கும் பெரிய பத்திரிகைகள் இதைப் போட்டன. பிறகு, அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று திருத்தமும் போட்டன. பல வருஷங்களுக்கு முன் இருந்த போப் ஆறாம் பவுல் சொன்னதாக உலவிய பேச்சு அது. ஆனால் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், நித்திய வாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளிபெற்றுத் தன் இடத்தில் இருக்கும் என்று பிரான்சிஸ் எழுதத்தான் செய்தார். எழுதியது கையெழுத்தோடு கிடக்க, சொல்லாததையே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

இஸ்லாத்திலும் ‘இல்லை’ அவ்வளவு சுலபமாக இல்லை. குர்ஆனின் 6ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘கால்நடைகள்’. அதன் 38ஆம் வசனம், பூமியில் ஊர்வனவும் இரு சிறகால் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே, பின்னர் அவை தம் இறைவனிடம் ஒன்றுசேர்க்கப்படும் என்கிறது. கொம்பு உள்ள ஆடு முட்டியதற்காகக் கொம்பில்லாத ஆட்டுக்கு மறுமையில் நியாயம் வழங்கப்படும் என்று நபிமொழி இருக்கிறது. கொம்பில்லாத ஆட்டின் வழக்கும் விசாரணைக்கு எடுக்கப்படுகிற நீதிமன்றம் அது. நியாயம் தீர்ந்த பிறகு விலங்குகள் மண்ணாகிவிடும் என்பது விளக்கவுரையாளர் பலரின் கருத்து. ஆனாலும் குகையில் நெடுங்காலம் உறங்கியதாகக் குர்ஆன் சொல்லும் குகைத்தோழர்களின் நாய் இருக்கிறதே! வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்ததாக வசனத்திலேயே வருகிறது. குகையில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று சச்சரவு. மூவரா, ஐவரா, எழுவரா என்று எப்படி எண்ணினாலும் கடைசி எண் நாய்க்குத்தான்.

நாய் என்றாலே வாசல்தான் போலும். பார்சிகளின் மரபில் இறந்தவர் கடக்கும் சின்வத் பாலத்தை நாய்கள் காக்கின்றன. ரிக் வேதத்தில் யமனின் வழியில் நான்கு கண்ணுள்ள இரண்டு நாய்கள். மகாபாரதத்தின் கடைசியில் நாயை விட்டுவிட்டு வா என்று இந்திரன் சொன்னதற்குத் தருமன் மறுத்து நின்றதும் சொர்க்கத்தின் வாசலில்தான். இந்தக் கதையை எல்லோரும் ‘பார்த்தீர்களா, நாய்க்குச் சொர்க்கம்’ என்று உதாரணம் காட்டுவார்கள். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. முடிவில் அது நாயே இல்லை, தருமதேவதை. நிஜ நாயாகவே இருந்திருந்தால் இந்திரன் கதவைத் திறந்திருப்பானா?

விஞ்ஞானம் என்று கிளம்பியவர் கதையும் ஒன்று உண்டு. டங்கன் மெக்டூகல் என்ற அமெரிக்க மருத்துவர் சாகும் தருவாயில் இருந்த ஆறு பேரைத் தராசுக் கட்டிலில் கிடத்திப் பார்த்து, 1907இல் முடிவை வெளியிட்டார். ஒருவரிடம் 21 கிராம் குறைந்ததாம். அதுதான் ஆன்மாவின் எடை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு 15 நாய்களை வைத்துப் பார்த்தார். எதுவும் குறையவில்லை, ஆகவே நாய்க்கு ஆன்மா இல்லை. இருபது கிலோ நாயைத் தராசில் அசையாமல் நிறுத்தப் பாடுபட்டவள் என்ற முறையில், அந்தத் தராசைப் பற்றி நான் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

இரண்டு கேள்விக்கும் சேர்த்து ‘ஆம்’ சொல்கிற கதை எனக்குத் தெரிந்து சீவக சிந்தாமணியில்தான் இருக்கிறது. உணவைத் தொட்டுவிட்டது என்று அந்தணர்கள் அடித்துப்போட்ட நாய், குற்றுயிராகக் கிடக்கிறது. சீவகன் உட்கார்ந்து அதன் காதில் ஐந்து வணக்க மந்திரத்தைச் சொல்கிறான். நாய் இறந்து சுதஞ்சணன் என்ற தேவனாகிறது. அத்தோடு விடவில்லை திருத்தக்க தேவர். அந்தத் தேவன் சீவகனை மறக்கவில்லை, தேடி வருகிறான், பின்னால் கொலைத் தண்டனையிலிருந்தே அவனைக் காப்பாற்றுகிறான். சமணத்தின் கணக்குப்படி உயிர் பயணம் போய்விட்டது, உடம்பும் மாறிவிட்டது. ஆனாலும் நினைவு இருக்கிறது.

இதைப் படித்ததிலிருந்து ஊசி போடுமுன், “காதுக்குப் பக்கத்துல பேசுங்க, கேட்கும்” என்று சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். மயக்கம் ஏறும்வரை காது கேட்கும், அதனால் பயம் குறையும் என்பது வைத்தியக் காரணம். என்னென்னவோ சொல்வார்கள். ஒரு பெரியவர் பூனையின் காதில் ஓதினார். ஒரு பாட்டி நெற்றியில் சிலுவை போட்டார். கடவுளே இல்லை என்று என்னிடம் வருஷக்கணக்காக வாதாடியவர், ஒன்றும் சொல்லாமல் காது மடலை மட்டும் தடவிக்கொண்டிருந்தார். ஒருமுறை ஒரு சிறுவன், அவன் சார்ந்த மதத்தின் பெரியவர் ஒருவர் ‘மிருகத்துக்கெல்லாம் அங்கே இடமில்லை’ என்று சொல்லிவிட்டதாக என்னிடம் வந்து அழுதான். உங்கள் புத்தகத்திலேயே அவ்வளவு திட்டமாகச் சொல்லவில்லை கண்ணா என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை.

என் நாய் மணிக்கு 14 வயதில் நானே ஊசி போட்டேன். மற்றவர்களுக்கு அத்தனை சொல்லிக் கொடுத்தவளுக்கு அன்று வாயில் வந்தது ‘போயிட்டு வா’ மட்டும்தான். வெறும் ‘போ’ என்று சொல்ல நமக்கு நாக்கு எழாது, அவ்வளவுதான்.

போப் பற்றிய வரிக்கு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். இன்னொன்று, அந்த வாசகர் தன் நாயின் பெயரை எழுதியிருந்தாரா? கட்டுரையில் ‘செல்லப் பிராணி’ என்றுதான் வந்திருந்தது. எழுதியிருந்தால் திருத்தத்தோடு அதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்