புகார்: நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மூன்று கேம்ப்கிரவுண்ட்கள்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: ஓரிகன் மாநிலம், ஜான் டே ஆற்றுப் பகுதிக்கான மூன்று இரவு முகாம் திட்டம். தேர்வுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். ஆகஸ்ட் 10 முதல் 13 வரை குடும்பத்தோடு கேம்பிங் போவதற்காக உங்களிடம் திட்டம் வாங்கினேன். கூடாரம், நாற்காலிக்கு வாடகை தனி. அதற்கு மேல் 'கேம்ப்கிரவுண்ட் தேர்வுக் கட்டணம்' என்று 149 டாலர் பிடித்துக்கொண்டீர்கள். தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழிலேயே திட்டம் போட்டுத் தருகிறோம் என்பது உங்கள் விளம்பரம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவும் படித்துப் பார்ப்பாரே என்றுதான் உங்களிடம் வந்தேன். அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெயில் அடித்தது, புழுதி பறந்தது, கழிப்பறை குழிக் கழிப்பறையாக இருந்தது என்றெல்லாம் நான் புகார் சொல்ல வரவில்லை. அது உயரமான பாலை நிலம், அப்படித்தான் இருக்கும். தங்கிய இடங்களில் வாங்கிய இரவுக் கட்டணமும் நியாயமானதுதான். என் சண்டை அந்த 149 டாலரைப் பற்றி மட்டும். தேர்ந்தெடுப்பதற்கென்று காசு வாங்கினீர்கள், ஆனால் தேர்ந்தெடுக்கவில்லை.

முதல் இரவு. 'பெயின்டட் ஹில்ஸ் மலைகளின் மடியிலேயே கூடாரம்' என்று எழுதியிருந்தீர்கள். மாலை ஆறே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். இடத்தின் அழகைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சிவப்பு, கடுகு மஞ்சள், நடுநடுவே கறுப்பு என்று யாரோ சேலையை மடித்து அடுக்கி வைத்த மாதிரி மலைகள். சரி, கேம்ப்கிரவுண்ட் எங்கே? இல்லை. நிரம்பிவிட்டது, மூடிவிட்டார்கள் என்ற கதையெல்லாம் கிடையாது. அப்படி ஒன்று அங்கே இல்லவே இல்லை. அந்த மலைகள் ஜான் டே ஃபாசில் பெட்ஸ் தேசிய நினைவுச்சின்னத்தின் மூன்று பகுதிகளில் ஒன்று. மூன்று பகுதிகளிலுமே இரவு தங்க அனுமதி கிடையாது. தேசியப் பூங்காத் துறையின் இணையப் பக்கத்தை ஒரு நிமிடம் திறந்து பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பொழுது சாய்கிறது, பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளும் தூங்கி வழிகிறார்கள், அப்பாவுக்கு மாத்திரை நேரம். அங்கே நடைப்பயிற்சி முடித்து வந்த ஒரு வயதான தம்பதிதான், நெடுஞ்சாலை 26-இல் மேற்கே ஏறினால் ஓச்சகோ காட்டில் கணவாயை ஒட்டி ஒரு கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது, முன்பதிவு வேண்டாம், முதலில் வருபவருக்கு முதலிடம் என்று வழி சொன்னார்கள். அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம். பொன்டரோசா பைன் மரங்கள், கீழே மெத்தை மாதிரி ஊசி இலைகள், நல்ல குளிர். அது சுமார் 4,700 அடி உயரம். நாங்கள் விட்டு வந்த மலையடிவாரம் 2,000 அடியை ஒட்டியது. ஆகஸ்டில் அந்தப் பக்கம் போகிறவர்கள் பகலில் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, இரவு தங்க மேலே ஏறிவிட வேண்டும். இதைச் சொல்வதற்குப் பெயர்தான் தேர்வு. எங்களுக்கு அதை இலவசமாகச் சொன்னது அந்தத் தம்பதி.

போகிற போக்கில் இன்னொன்று. உங்கள் பட்டியலில் 'கோடைக்கு ஏற்ற மெல்லிய ஆடைகள் போதும்' என்று இருந்தது. விடிகாலை நான்கு மணிக்கு அப்பா மங்கி குல்லாயைக் கேட்டார். காய்ந்த காற்று, மேகமில்லாத வானம். பகலில் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு வேகமாக இரவில் ஆறிவிடும். கடைசியில் என் மகளின் ஸ்வெட்டரைத்தான் தலையில் சுற்றிக்கொண்டு படுத்தார்.

இரண்டாவது இரவுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஸ்ப்ரே, சர்வீஸ் கிரீக் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ஆற்றங்கரையில் ஓர் இடம். பி.எல்.எம். என்கிற மத்திய அரசின் நில நிர்வாகத் துறை நடத்துவது. இந்த முறை கேம்ப்கிரவுண்ட் உண்மையாகவே இருந்தது. ஆனால் நீங்கள் எழுதியிருந்த மூன்று விஷயங்களில் ஒன்றுகூட இல்லை: 'பொங்கிப் பாயும் நதி, குடிநீர், இரவில் கேம்ப்ஃபயர்.'

நதியைப் பார்த்ததும் அப்பா சிரித்துவிட்டார். "ஆடி மாசத்துல நம்ம ஊர்ல ஆத்துக்குப் புதுத்தண்ணி வரும். இங்க ஆடியில வத்திப் போகுது பாரு" என்றார். கணுக்கால் அளவுத் தண்ணீர், பாசி பிடித்த கூழாங்கற்கள். அப்பாவுக்கு ஒரே பார்வையில் புரிந்தது உங்கள் ஆட்களுக்குப் புரியவில்லை. ஜான் டே ஆற்றின் முதன்மை ஓட்டத்தில் ஓர் அணைகூடக் கிடையாது. மலையில் பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில் கரை புரளும். பனி தீர்ந்த பிறகு, தேக்கி வைத்துத் திறந்துவிட ஆளில்லாததால் ஆகஸ்டில் மெலிந்துவிடும். அதே மாநிலத்தில், மேற்கே சில மணி நேரத் தொலைவில் டெஷூட்ஸ் ஆறு இருக்கிறது. ஊற்றுகளால் ஊறி ஓடும் ஆறு, அதனால் கோடையிலும் பெரிதாகக் குறையாது. அதன் கரையில் மாப்பின் என்ற ஊரைச் சுற்றி ஆகஸ்டில்கூட ரப்பர் படகுகள் போய்க்கொண்டேதான் இருக்கும். பிள்ளைகளுக்குத் தண்ணீர் விளையாட்டு வேண்டும் என்று படிவத்தில் நான் டிக் போட்டிருந்தேன். தேதியும் கொடுத்திருந்தேன். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஒருவர் எங்களை டெஷூட்ஸுக்கு அனுப்பியிருப்பார், அல்லது மே மாதம் போங்கள் என்று சொல்லியிருப்பார்.

குடிநீரைத் தேடி நானும் மகனும் குடத்தோடு கேம்ப்கிரவுண்டை ஒரு சுற்று சுற்றி வந்தோம். குழாய் என்று ஒன்று எங்கும் இல்லை. பக்கத்து சைட்காரர் தன் வண்டியிலிருந்த நீல நிறத் தண்ணீர் டப்பாவைக் காட்டி, இங்கே எல்லோரும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் கணக்குப் போட்டு ஊரிலிருந்தே கொண்டு வருவோம் என்றார். எங்களுக்கு ஐந்து பேர், மூன்று நாள். பதினைந்து கேலன். எங்களிடம் இருந்தது நான்கு. அவர் ஒரு கேலன் கொடுத்தார். சோறு வடித்தது அந்தத் தண்ணீரில்தான்.

இனி கேம்ப்ஃபயர். உங்கள் கூடுதல் சேவைகள் பட்டியலில் கேஸ் சிலிண்டரில் எரிகிற ஃபயர் பிட் ஒன்றை 45 டாலருக்கு வாடகைக்கு எடுத்தேன். 'விறகு தடை செய்யப்பட்ட இடங்களிலும் பயன்படுத்தலாம்' என்று அதன் கீழே எழுதியிருந்தீர்கள். மகன் இரண்டு நாளாக அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினான். அட்டையைப் பிரிக்கக் கத்தியை எடுத்தேன், பக்கத்து சைட்காரர் மறுபடியும் எழுந்து வந்தார். தகவல் பலகைக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். அந்த ஆற்றோரத்தில் ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை ஒவ்வொரு வருஷமும் தீத்தடை. விறகும் கூடாது, கரியும் கூடாது, புரொப்பேன் ஃபயர் பிட்டும் கூடாது. சமைக்கிற ஸ்டவ் மட்டும் பத்திரமான இடத்தில் வைத்து எரிக்கலாம். சுற்றி நின்ற காய்ந்த புல்லைப் பார்த்தால் தடை ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, தீக்குச்சி தானாக விழுந்தாலே போதும். இது இந்த வருஷம் திடீரென்று வந்த உத்தரவும் அல்ல, தேதி குறித்து ஆண்டுதோறும் வருவது. பயன்படுத்தினால் எங்கள் மேல் அபராதம் விழக்கூடிய பொருளை, பயன்படுத்தலாம் என்று எழுதி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். அந்த மனிதர் எழுந்து வராமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் '24 மணி நேர உதவி எண்'ணை அங்கிருந்து அழைக்க முடியவில்லை. என் போனில் சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. திட்டம் முழுவதும் உங்கள் செயலிக்குள் இருந்தது, இணையம் இல்லாமல் செயலி திறக்காது. 2020 கணக்கெடுப்பில் 1,451 பேர் மட்டுமே இருந்த வீலர் கவுன்டிக்கு ஆளை அனுப்பும்போது ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கலாம். பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. போகும் வழியில் பிரைன்வில் ஊரிலேயே டேங்க்கை நிரப்பிக்கொள்ளச் சொன்னது என் மனைவி. அங்கிருந்து பெயின்டட் ஹில்ஸுக்குப் பக்கத்து ஊரான மிட்செல் ஏறக்குறைய 50 மைல். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதம் இன்னும் நீளமாக இருந்திருக்கும்.

மறுநாள் ஃபாசில் ஊரில் வைஃபை கிடைத்ததும் உங்களை அழைத்தேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: "அந்த இடத்துக்கு 4.7 ஸ்டார் இருக்கு சார்." இருக்கட்டும். நானும் வீட்டுக்கு வந்து அந்த விமர்சனங்களைப் படித்தேன். புகழ்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஏப்ரலிலும் மேயிலும் போனவர்கள். மலை பச்சையாக இருக்கும்போது, ஆறு நிறைந்து ஓடும்போது, தீத்தடை தொடங்கும் முன்பு. ஆகஸ்டில் அது வேறொரு இடம். ஸ்டாரை எண்ணிச் சொல்ல எனக்கு 149 டாலர் ஆள் எதற்கு?

அந்த ஊரிலேயே எங்களுக்கு ஒரு நல்ல விஷயமும் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வீலர் உயர்நிலைப் பள்ளிக்குப் பின்னால் ஒரு மண்சரிவு இருக்கிறது. சின்னக் கட்டணம் கட்டினால் நாமே தோண்டித் தாவரப் புதைபடிவங்களை எடுக்கலாம். மூன்று கோடி வருஷத்துக்கும் மேற்பட்டவை. மகள் ஒரு கல்லைப் பிளந்தாள், உள்ளே ஓர் இலை, நடு நரம்பு முதற்கொண்டு. பயணத்திலேயே பிள்ளைகள் குதித்தது அந்த ஓர் இடத்தில்தான். உங்கள் திட்டத்தில் அது இல்லை.

மூன்றாவது இரவு, காட்டன்வுட் கேன்யன் மாநிலப் பூங்கா. உங்கள் தமிழ்க் குறிப்பில் 'பருத்திக் காடுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு' என்று இருந்தது. அப்பா இருபது வருஷம் பருத்தி போட்டவர். அமெரிக்கப் பருத்தி எப்படியிருக்கும் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். காட்டன்வுட் என்பது பாப்லர் இன மரம், விதையில் பஞ்சு பறப்பதால் அந்தப் பெயர். பருத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏதோ ஒரு இயந்திரம் மொழிபெயர்த்ததை யாரும் படித்துப் பார்க்காமல் போட்டிருக்கிறீர்கள். பருத்தியை விடுங்கள், எங்கள் சைட்டில் காட்டன்வுட் நிழலும் இல்லை. 2013-இல் திறந்த பூங்கா அது. அகன்ற வானம், இரு பக்கமும் உயர்ந்த எரிமலைப் பாறைச் சுவர்கள். எனக்கு இடம் பிடித்திருந்தது, ஆனால் எழுபத்தொரு வயதுக்காரரைப் பிற்பகல் மூன்று மணிக்கு 100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உட்கார வைக்கிற இடமல்ல. படிவத்தில் 'முதியவர் உண்டு' என்ற கட்டத்திலும் டிக் போட்டிருந்தேன்.

நான்கு மணிக்குக் காற்று கிளம்பியது. பள்ளத்தாக்கு வழியே குழாயில் ஊதுவது போல வந்தது. நீங்கள் கொடுத்த கூடாரத்தின் முளைகள் விரல் நீளம்தான், அந்தச் சரளை மண்ணில் பாதிகூட இறங்கவில்லை. நான்கு மூலையிலும் ஆற்றுக் கற்களைத் தூக்கி வைத்தேன். மூங்கில் மாதிரி வளைந்த கம்பி ஒன்று இணைப்பில் படக்கென்று ஒடிந்தது. எலுமிச்சை சாதத்தை மூடி போட்ட பாத்திரத்திலிருந்து ஒவ்வொரு வாயாக எடுத்துச் சாப்பிட்டோம், அப்படியும் பல்லில் மணல். அன்றிரவு அப்பாவும் பிள்ளைகளும் காருக்குள்ளேயே தூங்கினார்கள்.

என் பக்கத்துத் தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். ஆகஸ்ட் என்று தேதி சொன்னது நான்தான். பிள்ளைகளின் விடுமுறை அப்படி. நானே உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேடியிருந்தால் இதில் முக்கால்வாசி தெரிந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் உங்களிடம் காசு கொடுத்து வாங்கினேன்.

ஆகஸ்ட் 16 அன்று நான் அனுப்பிய முதல் மின்னஞ்சலுக்கு, அடுத்த பயணத்தில் 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகப் பதில் வந்தது. வேண்டாம். தேர்வுக் கட்டணம் 149 டாலரும் ஃபயர் பிட் வாடகை 45 டாலரும், ஆக 194 டாலரை நான் பணம் செலுத்திய அட்டைக்கே 15 நாட்களுக்குள் திருப்பி அனுப்புங்கள். ஒடிந்த கம்பிக்காக என் முன்பணத்தில் பிடித்த 30 டாலரையும் சேர்த்து அனுப்புங்கள். காற்றுக்குத் தாங்காத கூடாரத்தைக் கொடுத்தது நீங்கள். பெயின்டட் ஹில்ஸுக்குள் கேம்ப்கிரவுண்ட் என்ற பதிவையும், ஃபயர் பிட்டுக்குக் கீழே உள்ள அந்த வரியையும் இன்றே எடுத்துவிடுங்கள். இந்த இரண்டுக்கும் 15 நாள் கெடு இல்லை. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக்கு இன்னொரு குடும்பம் அதைப் படித்துவிட்டுக் கிளம்பிவிடும்.

பணம் வராவிட்டால் அட்டை நிறுவனத்தில் முறையீடு போடுவேன். ரசீது, உங்கள் திட்டத்தின் நகல், தகவல் பலகையின் படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

ஃபயர் பிட் அட்டைகூடப் பிரிக்காமல் எங்கள் கராஜில் இருக்கிறது. உங்கள் செலவில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்