எழுத்துள்ள தாளையும் படம்பிடியுங்கள்

பழைய உடற்கூற்று நூல்களை மின்படிமமாக்கும் நூலகத்தாருக்கும் மருத்துவ அருங்காட்சியகத்தாருக்கும்,

வணக்கம். கருவில் எலும்பு உருவாகும் விதத்தைக் காட்டும் பழைய செப்புத்தகட்டுப் படங்களை வைத்துப் பாடம் நடத்துகிறோம். உடற்கூற்றியலாளர் பெர்ன்ஹார்ட் சீக்பிரீட் அல்பினுஸ் 1737இல் லெய்டனில் வெளியிட்ட தொகுதி அவற்றில் முதன்மையானது. அதில் யான் வாண்டெலார் செதுக்கிய நிழல் தீட்டிய படத்துக்கு இணையாக, அதே உருவம் வெறும் கோடாகவும் வருகிறது. உறுப்புகளைச் சுட்டும் எழுத்துகள் இருப்பது கோட்டுப்படத்தில்தான். நிழல் படத்தின்மேல் எழுத்து விழுந்தால் எலும்பின் பரப்பு கெடும் என்பதால் இந்த ஏற்பாடு. அழகில்லை என்று கோட்டுப்படத்தை விட்டுவிட்டால் விளக்கவுரையைப் படிக்க வழியே இல்லை. பிறக்கும்போது பிடரி எலும்பு நான்கு துண்டு, மண்டையோட்டின் அடியிலுள்ள ஆப்பெலும்பு மூன்று துண்டு, கீழ்த்தாடை இரண்டு பாதி. எது எந்தத் துண்டு என்று சொல்வது அந்தச் சின்ன எழுத்துதான். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்த கோப்புகளாக, ஒரே அளவில் வையுங்கள்.

அடுத்தது துல்லியம். அங்குலத்துக்கு 300 புள்ளியில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.085 மில்லிமீட்டர், செதுக்கிய மெல்லிய கோடும் கிட்டத்தட்ட அதே அகலம்தான். நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, தாளில் இல்லாத அலைப்பட்டைகள் தோன்றும். பக்கக் கபால எலும்பின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி விரியும் எலும்பு இழைகளைச் செதுக்குநர் அந்தக் கோடுகளால்தான் காட்டுகிறார். முதலில் அழிவதும் அவைதான். 600 புள்ளி வேண்டும், சேமிக்கும்போது விவரம் இழக்காத கோப்பு வேண்டும், தானாகக் கூர்மையாக்கும் வசதியை அணைத்திருக்க வேண்டும். தகடு தாளில் பதிந்த விளிம்புவரை படம் இருக்கட்டும். பக்கத்தில் ஓர் அளவுகோலும் வையுங்கள். அளவு தெரியாத கருவெலும்புப் படத்தில் வயதைப் பற்றி எதுவும் பேச முடியாது.

படக்குறிப்புதான் எங்களை அதிகம் வருத்துகிறது. இத்தகைய படங்களுக்கு மாதிரியாக நின்றவை பெரும்பாலும் உலர்த்திய எலும்புக்கூடுகள். உலரும்போது குருத்தெலும்பு சுருங்கிக் கருக்கும். தொடை எலும்பின் தண்டு அப்படியே நிற்க, முனைகள் சிறுத்துவிடும். மூட்டுகளின் இடைவெளியும் கையின் நீளமும் மாறும். வேகவைத்துச் சதை நீக்கினால் இன்னும் மோசம்: குருத்தெலும்புக்குள் தனித்திருக்கும் சிறு எலும்பாக்க மையங்கள், அதாவது எலும்பு உருவாகத் தொடங்கும் புள்ளிகள், உதிர்ந்து தொலைந்துபோகும். ஆகவே ஒரு படத்தில் மையம் காணவில்லை என்றால், அந்த வயதில் அது தோன்றவில்லை என்று பொருளாகாது. குறிப்பில் 'உலர் மாதிரி' என்ற இரண்டு சொல் இருந்தால் மாணவர் தவறான முடிவுக்குப் போகமாட்டார்.

நூலில் அச்சான கருவின் வயதையும் இன்றைய வாரக்கணக்காக மாற்றி எழுத வேண்டாம். உடற்கூற்றியலாளர் தியோடோர் கெர்க்ரிங் 1670இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட படங்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அன்று கருவின் வயதைச் சரிபார்க்க நம்பகமான வழி இருக்கவில்லை. நூலில் உள்ள வயதை அப்படியே கொடுத்து, 'ஆசிரியர் கூற்று' என்று குறியுங்கள்.

ஏற்கெனவே ஏற்றிய நூல்களுக்கு முழுவதும் மறுபடி படமெடுக்க வேண்டியதில்லை. விடுபட்ட கோட்டுப்படங்களை மட்டும் எடுத்துச் சேர்த்து, பக்க வரிசையைத் திருத்தினால் போதும்.

இப்படிக்கு,
உடற்கூற்றியல் கற்பிப்போர் சிலர்