அலெக்ஸாண்டர்: மன்னருக்கும் மூத்த பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெயர்களின் பிறப்பைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளியான கட்டுரையைப் படிப்பவர்கள், அலெக்ஸாண்டர் என்னும் பெயர் மாசிடோனியப் பேரரசரிடமிருந்தே தொடங்கியது என்று எண்ணிவிடக்கூடும். அப்பெயரை உலகறியச் செய்தவர் அவர்தான். ஆனால் கி.மு. 356இல் அவர் பிறந்தபோதே அது மிகப் பழைய பெயர். அவருடைய அரச மரபிலேயே அப்பெயர் தாங்கிய மூன்றாமவர் அவர். முதலாம் அலெக்ஸாண்டர் பாரசீகப் படையெடுப்புக் காலத்தில் ஆண்டவர்.

காத்தலைக் குறிக்கும் கிரேக்க வினைச்சொல்லும் ஆடவரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லும் சேர்ந்து, 'மாந்தரைக் காப்பவன்' என்ற பொருளில் இப்பெயர் அமைந்தது. ஹோமரின் இலியட் காவியத்தில் டிராய் இளவரசன் பாரிஸ் பெரும்பாலும் அலெக்ஸாண்ட்ரோஸ் என்றே அழைக்கப்படுகிறான். இதைவிட வியப்புக்குரியது, இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் பேரரசர் இரண்டாம் முவத்தல்லி, விலுசா நாட்டின் அரசர் அலக்சந்துவுடன் கி.மு. 1280ஐ ஒட்டிச் செய்துகொண்ட ஒப்பந்தம் களிமண் பலகைகளில் கிடைத்திருப்பதாகும். விலுசா என்பது டிராய் நகரமே என்று ஆய்வாளர் பலர் கருதுவதால், காவியத்தின் பெயரும் ஒப்பந்தத்தின் பெயரும் இவ்வளவு நெருங்கி வருவதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

கட்டுரையில் கட்டாயம் இடம்பெற்றிருக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தறிந்த, கிரேக்க மொழியின் மிகப் பழைய எழுத்துமுறையான லீனியர் பி எழுத்தில், பண்டைய கிரேக்கத்தின் மைசீனி நகரத்துக் களிமண் பலகை ஒன்றில், அலெக்ஸாண்ட்ரா என்னும் பெண்பால் வடிவம் காணப்படுகிறது. அப்பலகை கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆணுக்குரியதாகவே நாம் நினைக்கும் பெயருக்குக் கிரேக்க மொழியில் எழுத்துச் சான்றாக முதலில் கிடைத்திருப்பது ஒரு பெண்ணின் பெயர் என்பதை இளம் வாசகர்கள் அறிய வேண்டும்.

பேரரசருக்குப் பின் பெயர் பரவிய வழிகளையும் கட்டுரை சுருக்கிவிட்டது. அரபு மொழியினர் முதலெழுத்துகளான 'அல்' என்பதைத் தங்கள் மொழியின் சுட்டாக (ஆங்கிலத்தின் 'the' போன்றது) கொண்டு பிரித்ததால் இஸ்கந்தர் என்ற வடிவம் பிறந்தது. நாம் நன்கறிந்த சிக்கந்தரும் அதன் உறவே. ஸ்காட்லாந்தில், ஹங்கேரியில் வளர்ந்த அரசி மார்கரெட்டின் மகன் 1107இல் முதலாம் அலெக்ஸாண்டராக அரியணை ஏறினார். அவருக்குப் பின் அங்கு மேலும் இரு மன்னர்கள் அப்பெயருடன் ஆண்டனர்.

இந்தத் தொடர் நூலாக வெளிவருமானால், மைசீனிப் பலகையையும் ஹிட்டைட் ஒப்பந்தத்தையும் அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்